பூந்தமல்லி ஹை ரோட்டின் ஒரு முனை

(சென்னை வாரத்தையொட்டி அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு, சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நம்பி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பள்ளங்களைப் பற்றிப் பேச இன்னும் தகுதியானவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நான் பேச வந்தது பழைய பட அஞ்சலட்டைகளைப் பற்றி. நூறு, நூற்றிருபது வருஷங்களுக்கு முன்னால் ஊர்த் தெருக்களைப் படம் பிடித்து, அட்டையில் அச்சடித்து, கடையில் விற்றார்களே, அவற்றைப் பற்றி. அவற்றைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை மேடையில் சொல்ல முடியாது.

கார்டு என்றதும் இங்கே நரைத்த தலைகளுக்கெல்லாம் மஞ்சள் நிற அரசாங்கக் கார்டுதான் ஞாபகம் வரும். 1869 அக்டோபரில் ஆஸ்திரியா–ஹங்கேரியில் பிறந்த இந்தச் சங்கதி 1879 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. விலை காலணா. 1922 வரைக்கும் அதே காலணாதான். ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கி, நாலு பக்கத்து ஓரத்திலும் நுணுக்கி எழுதி, விலாசத்துக்கு விட்ட இடத்திலும் பாதியைப் பிடித்துக்கொண்டு, காலணாவுக்கு ஒரு ரூபாய்ச் செய்தியை அனுப்பிய சாமர்த்தியசாலிகள் நம்மவர்கள். கல்யாணக் கார்டுக்கு மூலையில் மஞ்சள் தடவினார்கள். துக்கச் செய்தி வந்த கார்டை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டார்கள். மற்றவற்றையெல்லாம் ஆணியில் தொங்கிய வளைந்த கம்பியில் குத்தி வைத்தார்கள். இன்றைக்குப் பழைய கார்டு ஒன்று கைக்கு வந்தால் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால் அது தமிழ்நாட்டு வீட்டில் இருந்த கார்டு. வியாபாரி ஓட்டையைக் காட்டி விலையைக் குறைக்க மாட்டார், நாம்தான் கேட்டுக் குறைக்க வேண்டும்.

ஆனால் பட அஞ்சலட்டை இதற்குச் சொந்தக்காரனே தவிர உடன்பிறப்பு அல்ல. அது அரசாங்கம் அச்சடித்ததில்லை, கடைக்காரர் அச்சடித்தது. ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறுமை. தபால்தலையை நாமே வாங்கி ஒட்ட வேண்டும். உள்நாட்டுக்குக் காலணா, சீமைக்கு ஓரணா. 1890களின் கடைசியில் தொடங்கி முதல் உலகப் போர் வரைக்கும் உலகம் முழுக்க இது ஒரு பைத்தியமாகவே இருந்தது. முதலில் விலாசப் பக்கத்தில் விலாசத்தைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று விதி. அதனால் படத்துக்குக் கீழே விட்டிருந்த வெள்ளைக் கீற்றில் இரண்டு வரி கிறுக்கி அனுப்பினார்கள். 1902இல் பிரிட்டன் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் விலாசம் என்று அனுமதித்தது. சில வருஷங்களில் மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. முதுகில் கோடு இல்லாத கார்டு என்றால் மூத்த கார்டு. சேகரிப்பவன் படிக்கும் முதல் பாடம் இது.

சென்னையில் இதைச் செய்தவர்கள் யார்? 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், மவுண்ட் ரோடு ஸ்பென்சர், நிக்கலஸ் கம்பெனி, பிறகு வீலே அண்டு க்ளைன் என்ற போட்டோ ஸ்டூடியோ. லண்டனிலிருந்து ரஃபேல் டக் கம்பெனியும் எண்ணெய்ச் சாய ஓவியம் போலத் தோன்றும் ‘ஆய்லெட்’ வரிசையில் சென்னையைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கம்பெனியின் லண்டன் கட்டடம் 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்து, மூலப் படங்களும் பதிவேடுகளும் சாம்பலாயின.

ஒரு கார்டு உண்டான வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். சென்னைத் தெருவில் முக்காலியை நிறுத்திக் கண்ணாடித் தகட்டில் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறார்கள். அது கப்பலேறிப் பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போகிறது. அங்கே சாக்ஸனியிலோ பவேரியாவிலோ, சென்னையைக் கனவில்கூடக் கண்டிராத ஒருவர் அதற்கு வண்ணம் போடுகிறார். வானத்துக்கு நீலம், மண்ணுக்கு ஆரஞ்சு, முண்டாசுக்கு எது கைக்கு வந்ததோ அது. ஒரே படம் இரண்டு பதிப்பில் வந்தால், ஒன்றில் சிவப்புச் சேலை கட்டியிருந்த அம்மாள் அடுத்ததில் பச்சையில் நிற்பார். அச்சான கட்டுகள் மறுபடி கப்பலேறிச் சென்னைக்கு வந்து, கடையில் விற்று, தபால்தலை ஒட்டி, மூன்றாம் முறையாகக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகின்றன. வீலேயும் க்ளைனும்கூட ஜெர்மானியர்களே. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. சென்னையைப் படம் எடுத்தவர் ஜெர்மானியர், அச்சடித்தவர் ஜெர்மானியர், குண்டு போட்டவரும் ஜெர்மானியர். போர் வந்ததும் அந்த அச்சு வேலை நின்றது. அதற்குப் பின்னால் வந்த கார்டுகளில் பழைய நயம் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு.

இப்போது ஒரு கார்டைக் கையில் எடுக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். மூர் மார்க்கெட். உங்களில் பாதிப் பேர் தினமும் ‘எம்.எம்.சி.’ என்று பலகை போட்ட மின்சார ரயிலில்தான் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் கிளம்புகிறீர்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்ற அந்த நிலையம் நிற்கும் மண்ணில் நின்ற கட்டடம் இது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900இல் திறந்தார்கள். 1985 மே 30 அன்று எரிந்துபோனது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

கார்டில் செங்கல் சிவப்புக்குப் பதில் கட்டடம் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கிறது. அது ஜெர்மன் உபயம். எதிரே நாலு ஜட்கா வண்டிகள். மூன்று நிற்கின்றன, அவற்றின் குதிரைகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. நாலாவது நகர்ந்துகொண்டிருந்தது போலும், குதிரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் தீற்றல், அதற்குக் கீழே எட்டுக் கால்கள். வலது ஓரத்தில் தலையில் கூடையோடு ஓர் அம்மாள், கேமராவை முறைத்துப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் வேலிக் கம்பி, மரங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மரத்தடியில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொள்கிறார். படம் எடுத்தவர் அவரைப் பார்த்தே இருக்க மாட்டார். பின்பக்கத்தில் எழுதியவர் தம் சகோதரிக்குச் சொல்வது இவ்வளவுதான்: வெயில் தாங்கவில்லை, நாளைக்குக் கப்பல் தபால், வண்டிக்காரன் இரட்டைக் கூலி கேட்கிறான். ஆட்டோ வருவதற்கு முன்பே அந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது.

கட்டடத்துக்காக இந்தக் கார்டை வாங்குகிறவர்கள் உண்டு. நான் வாங்குவது ஓரங்களுக்காக. நடுவில் இருப்பதைக் காட்டத்தான் கடைக்காரர் காசு செலவழித்தார், அதில் அவருடைய விருப்பம் இருக்கிறது. ஓரத்தில் விழுந்தது யாரையும் கேட்டு விழவில்லை. அதனால்தான் ‘வண்ணான்’, ‘அம்பட்டன்’, ‘ஆயா’, ‘பாம்பாட்டி’ என்று சாதியையும் தொழிலையும் போட்டு ஆட்களை ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த கார்டுகளை நான் அதிகம் வாங்குவதில்லை. அவை ஏராளமாக அச்சாகின, விலையும் இன்று அதிகம். அந்த மனிதரின் பெயர் எங்கும் இருக்காது. மரத்தடியில் சவரம் செய்துகொண்டவருக்கும் பெயர் இல்லைதான். ஆனால் அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

இந்தக் கார்டு எந்த வருஷத்தது? முத்திரையை நம்பக் கூடாது. முத்திரை சொல்வது தபாலில் போட்ட நாளை. படம் அதற்குப் பதினைந்து வருஷம் மூத்ததாக இருக்கலாம். கடைக்காரர் பழைய படத்தையே திரும்பத் திரும்ப அச்சடித்தார். தபால்தலையில் எட்வர்ட் ராஜா இருந்தால் 1902க்குப் பின், ஜார்ஜ் ராஜா இருந்தால் 1911க்குப் பின் என்று சொல்லலாம். ‘பிளாக் டவுன்’ என்று தலைப்பு இருந்தால், 1906இல் வேல்ஸ் இளவரசர் வந்துபோனதையொட்டி அது ஜார்ஜ் டவுன் ஆவதற்கு முந்தைய அச்சு என்று ஊகிக்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி கட்டடங்கள். மூர் மார்க்கெட்டுக்கு அக்கம்பக்கத்தில் சென்ட்ரல் இருக்கிறது, 1873இலிருந்து நிற்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹால் 1880களின் கடைசியில் வந்தது. ரிப்பன் மாளிகை? 1909இல் அடிக்கல் நாட்டி 1913இல் திறந்தார்கள். ஹாரிஸ் வரைந்து, லோகநாத முதலியார் கட்டியது. அந்தப் பக்கம் பார்க்கும் ஒரு படத்தில் மூர் மார்க்கெட் இருந்து, ரிப்பன் மாளிகையின் வெள்ளைக் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் பீப்பிள்ஸ் பார்க்கின் மரங்கள் மட்டும் இருந்தால், படம் 1900க்குப் பின், 1913க்கு முன். முத்திரை 1920 என்று சொன்னாலும் சரி. அந்த மரங்களுக்கு உள்ளேதான் அன்றைய மிருகக்காட்சி சாலை, நம் தாத்தாக்கள் சொன்ன ‘உயிர் காலேஜ்’. 1985இல் வண்டலூருக்குப் போகும் வரை அது அங்கேதான் இருந்தது.

கவனித்தீர்களா, நான் இதுவரை சொன்ன கட்டடங்கள் எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. சென்ட்ரல், மூர் மார்க்கெட், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை, இன்னும் கொஞ்சம் தள்ளி 1821இல் கட்டிய ஸ்காட்ச்சுக் கோயிலான செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க். எல்லாம் பூந்தமல்லி ஹை ரோட்டில். இன்றைய பெரியார் ஈ.வெ.ரா. சாலை. இந்த ஒரு மைல், ஒன்றரை மைல் நீளத்தைப் பற்றி வந்த கார்டுகளை மட்டுமே வைத்து ஓர் ஆல்பத்தை நிரப்பலாம். சாலைக்குப் பெயர் கொடுத்த பூந்தமல்லி அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அந்த முனைக்குக் கேமரா வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

கார்டுகளைச் சேர்க்கச் சேர்க்க ஒரு வரைபடம் கிடைக்கிறது. கடற்கரை முதல் வரிசை, ஐகோர்ட்டு, தலைமைத் தபால் நிலையம், சைனா பஜார், பிராட்வே, மவுண்ட் ரோடு, ஸ்பென்சருக்கு எதிரே 1937 வரை நின்ற கர்னல் நீல் சிலை, நேப்பியர் பாலம், சாந்தோம், மயிலாப்பூர்க் குளம், திருவல்லிக்கேணிக் குளம். இவற்றைக் கோடு போட்டு இணைத்தால், துறைமுகத்தில் இறங்கியவர், ரயிலுக்குக் காத்திருந்தவர், ஓட்டலில் தங்கியவர், வங்கிக்கும் சர்ச்சுக்கும் போனவர் நடந்த பாதை அப்படியே வந்துவிடும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் பார்த்த இடத்தின் படத்தைத்தான் அவர்கள் வாங்குவார்கள். கடைக்காரர் சரித்திரம் எழுதவில்லை, வியாபாரம் செய்தார்.

கொழும்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் போகும் கப்பல்கள் நிலக்கரி போட அங்கே நிற்கும். பயணிகள் இறங்கிக் கால்வலிக்க நடப்பார்கள். 1890இல் தொடங்கிய பிளேட்டே கம்பெனி கொழும்புத் தெருக்களைக் கார்டு கார்டாக விற்றுத் தள்ளியது. சிங்கப்பூரில் லாம்பர்ட் கம்பெனி. அங்கெல்லாம் நம் தமிழர்களும் வண்டி ஓட்டிக்கொண்டும் மூட்டை சுமந்துகொண்டும் ஓரத்தில் நிற்கிறார்கள். புதுச்சேரியில் வேறொரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் தபால்தலையைப் படத்தின் மேலேயே ஒட்டி முத்திரை குத்த வைத்தார்கள். செய்தி எழுதுவதற்கு அல்ல, ஆல்பத்தில் வைத்தால் படமும் தலையும் முத்திரையும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. கார்டு பிறந்தபோதே சேகரிப்பவனும் பிறந்துவிட்டான்.

அந்த ஆல்பங்களால்தான் சென்னையின் கார்டுகள் பிழைத்தன. சென்னையில் அல்ல, இங்கிலாந்தில். தபாலில் போனது அங்கே. ஆல்பத்தில் ஒட்டியது அங்கே. ஈரமும் ராமபாணப் பூச்சியும் குறைந்ததும் அங்கே. பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அவை சந்தைக்கு வருகின்றன. நாம் இணையத்தில் ஏலம் எடுத்து, சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை கொடுத்து, நாலாவது முறையாகக் கடல் தாண்ட வைக்கிறோம். 2018இல் ஸ்டீஃபன் ஹ்யூஸும் எமிலி ஸ்டீவன்சனும் சென்னை, பெங்களூர் கார்டுகளை வைத்து ஒரு நல்ல கண்காட்சி நடத்தினார்கள். எங்கே? லண்டனில், சோயாஸ் கல்லூரியின் புரூனே காலரியில். அதே வருஷம் ஒமர் கான் எழுதிய ‘பேப்பர் ஜுவல்ஸ்’ வந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கார்டுகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்க முடியுமென்றால் அதை வாங்குங்கள்.

சரி, இந்தப் பக்கத்துக்கு வருவோம். ‘இங்கே அப்போது என்ன இருந்தது, ஏரியும் நெல்லும்தானே’ என்று யாராவது சொல்லலாம். அப்படியல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனபோது இந்த ஊர்களை ஊடறுத்துத்தான் போனது. சென்ட்ரலைவிட நம் பக்கத்துத் தண்டவாளம் மூத்தது. பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர், வரதராஜப் பெருமாள் கோயில் உள்ள ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினருக்கான டிப்போ அங்கே இருந்தது. திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில். மேலே சொன்ன வியாபாரக் கணக்கில் இது எதுவும் ஏறவில்லை. இங்கே இறங்கி ஒரு டஜன் கார்டு வாங்க ஆளில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது, அது கொஞ்சம் உறுத்துவது. கிராமத்துக் கார்டுகள் இல்லாமல் இல்லை. ஏற்றம் இறைப்பது, கிணற்றடி, மாட்டுவண்டி, ஓலைக் குடிசை வரிசை, ஆலமரத்துச் சாலை எல்லாம் அச்சாகி விற்றன. ஆனால் கீழே தலைப்பைப் பாருங்கள்: ‘கிராமக் காட்சி, மதராஸ்’. ‘உள்ளூர்க் குடிசைகள்’. எந்தக் கிராமம்? சென்ட்ரலுக்குப் பெயர் போட்டார்கள், கர்க்குக்குப் பெயர் போட்டார்கள். கிராமத்துக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை. என்னிடம் அப்படி ஒரு கார்டு இருக்கிறது. ஏரிக்கரை, இரண்டு பனைமரம், தூரத்தில் ஒரு சின்னக் கோபுரம். அம்பத்தூர் ஏரியாக இருக்கலாம், கொரட்டூராக இருக்கலாம், செங்கல்பட்டுப் பக்கம் எதுவாகவும் இருக்கலாம். என் நண்பர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ‘இது நம்ம ஆவடிதான் சார்’ என்றார். அவருக்குச் சொந்த ஊர்ப் பாசம். நான் அந்தக் கார்டைப் பெயரில்லாத ஊர் என்றுதான் அடுக்கி வைத்திருக்கிறேன். கோபுரத்தை அடையாளம் காட்டுகிறவர் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, மேற்குப் புறநகரின் தெருக்களுக்குக் கார்டு இல்லை என்பது நஷ்டம்தான். ஆனால் இந்தக் கணக்கு 1940களோடு திசை மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1960களில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட். வேலைக்கு வந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், வீடு கட்டியதும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோக்கள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. நான் இன்று தேடுவது அவற்றைத்தான்.

போட்டோவில் அப்பா புது சைக்கிளோடு நிற்கிறார். உங்களுக்கு அப்பா, எனக்கு அவருக்குப் பின்னால் தெரியும் தெரு. ஓடு வேய்ந்த கடை, சோடாக் கடைப் பலகை, இன்னும் மண்ணாகவே இருக்கும் சி.டி.எச். ரோடு, வீட்டுக்கு வீடு இடையில் வயல். மாரியம்மன் ஊர்வலப் படத்தில் ஓரமாக ஒரு சினிமாப் போஸ்டர், ராக்கி தியேட்டரில் என்ன படம் என்று படிக்க முடிந்தால் வருஷம் கிடைத்துவிடும். கல்யாண ஊர்வலத்தில் காரின் நம்பர் பலகை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பின்னால் மின்கம்பம் இருக்கிறதா இல்லையா. மூர் மார்க்கெட் கார்டில் ரிப்பன் மாளிகையைத் தேடியது போலவே இங்கேயும் தேடலாம். ஓ.டி. பஸ் நிலையம், எஸ்டேட் வாசலில் ஷிஃப்ட் விட்டு சைக்கிள் கூட்டம் வெளியே வருவது, ஆவடி மார்க்கெட், குமணன்சாவடிப் புளியமரங்கள். மெட்ரோ தூண்கள் எழும்புவதற்கு முன்னால் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் எப்படி இருந்தன என்று காட்ட ஒரு நல்ல தெருப்படம் கேட்டால், அந்தத் தெருவில் பிறந்தவர்களே யோசிக்கிறார்கள். இது நூறு வருஷத்துக் கதை அல்ல, நேற்றைய கதை.

வேலைக்கு உதவும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார்டு வாங்க நினைப்பவர்கள் நகைக் கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜெலட்டின் தடவிய கண்ணாடியிலிருந்து அச்சடித்த பழைய கார்டில், லென்ஸுக்குக் கீழே புழு நெளிந்தது போல ஒழுங்கற்ற நுண்கோடுகள் தெரியும். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் செய்தித்தாள் முறை அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று சாயல் மாறினால் நிஜ போட்டோ, போட்டோத் தாளிலேயே கார்டு முதுகு அச்சடித்தது. நிறம் நிறமாகத் துளிகள் சிதறியிருந்தால் போன வாரம் யாரோ பிரிண்டரில் அடித்தது. கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதே, அதையும் பயன்படுத்தலாம். 1950களுக்குப் பிந்தைய தாள்களில் வெளுப்புக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த ஒளியில் நீலமாக ஜொலிக்கும். எட்வர்ட் காலத்துக் கார்டு அப்படி ஜொலித்தால் வியாபாரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வைத்துக் காப்பதில் நம் ஊருக்கென்று ஒரு வியாதி உண்டு: லேமினேஷன். ரேஷன் கார்டில் தொடங்கிய பழக்கம், தாத்தா போட்டோவரைக்கும் போய்விட்டது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. உரித்தால் படமும் சேர்ந்து வரும். கடையில் விற்கும் மெல்லிய பி.வி.சி. கவர் ஆல்பமும் வேண்டாம். சில வருஷத்தில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் கவர் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வெறும் காகித உறையே மேல். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வீட்டு ஆல்பங்கள் ஒரே பாளமாக ஒட்டிப்போய் குப்பை வண்டியில் ஏறின என்பதை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. போனில் படம் எடுத்து வைப்பதாக இருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் கார்டுகளும் கடிதங்களும் மூட்டையாக இருந்து, வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1956இலிருந்து நடந்துவரும் தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கம் இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. எது முக்கியம் என்றாவது சொல்வார்கள்.

நேரமாகிவிட்டது, எட்டரை வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போய் ஆல்பத்தை எடுத்து, தெரு தெரியும் படங்களை மட்டும் தனியாகப் பிரியுங்கள். அம்மாவோ பெரியப்பாவோ இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: இது எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வருஷம், பின்னால் தெரிவது யார் கடை. கேட்டதைப் படத்தின் முதுகில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும், அழுத்தினால் தடம் விழும். மென்மையான பென்சிலில், ஓரமாக, ஊர்ப் பெயரை முதலில் எழுதுங்கள்.